ரசிகர்களின் பத்து யூரோவால் ஒரு கிளப் பிழைக்குமா?

கேள்வி இதுதான்: வேலை போய், வீட்டுக் கடனுக்கே திண்டாடுகிற ஜனங்கள் தங்கள் ஊர்க் கால்பந்து கிளப்புக்குக் காசு திரட்டிக் கொடுப்பதாக ஐரோப்பாவிலிருந்து அடிக்கடி செய்தி வருகிறதே, அது வெறும் உணர்ச்சிவசமா? அதனால் கிளப் உண்மையிலேயே பிழைக்கிறதா? கொடுத்தவர்களுக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது?

பிழைக்கிறது, சில சமயம். ஆனால் ரசிகர்களின் காசு கிளப்பின் கடனை அடைத்துவிடுகிறது என்று நினைத்தால் கணக்கு ஒத்துவராது. கடன் கோடிகளில் இருக்கும், வசூல் லட்சங்களில் இருக்கும். அந்தப் பணம் வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்துக்குள் பெரிய பணத்தோடு ஒருவர் வந்து எட்டிப் பார்க்கும்போது அங்கே காப்பாற்றுவதற்கு ஒரு கிளப் இருக்கவேண்டும் அல்லவா? அது இருப்பதற்குக் காரணம், அதற்கு முன் பல வருடங்கள் தோற்றாலும் மைதானத்தை விட்டுப் போகாத கூட்டம். என்னைக் கேட்டால் வசூலைவிட அந்தக் கூட்டம்தான் முக்கியம். இதைச் சொல்வதற்கு ஸ்பெயினின் ரியல் ஒவியேதோவை விடப் பொருத்தமான கிளப் எனக்குத் தெரியாது. அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவியேதோ வடக்கு ஸ்பெயினில் அஸ்டூரியாஸ் மாகாணத்தின் தலைநகர். இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். நிலக்கரிச் சுரங்கங்களாலும் எஃகு ஆலைகளாலும் வளர்ந்த வட்டாரம். அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் பரம எதிரியான ஸ்போர்ட்டிங் கிஹோனின் ஊர். 1926-இல் தொடங்கிய ஒவியேதோ கிளப் சாதாரணமானதல்ல. 1930-களில் இசித்ரோ லாங்காரா என்ற முன்கள வீரர் தொடர்ந்து மூன்று சீசன் லீக்கிலேயே அதிக கோல் போட்டவர். 1991-இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையில் ஆடி, இத்தாலியின் ஜெனோவாவைச் சொந்த மண்ணில் 1-0 என்று தோற்கடித்த கிளப். 2001 வரை முதல் டிவிஷனில் 38 சீசன் ஆடியிருந்தது.

அப்புறம் சரிவு. 2001-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2003-இல் இரண்டாவதிலிருந்தும் இறங்கியது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்திருந்ததால் விதிப்படி இன்னொரு படி கீழே தள்ளினார்கள். இரண்டே வருடத்தில் பார்சிலோனாவோடு ஆடிக்கொண்டிருந்த கிளப் நான்காம் தட்டுக்கு வந்துவிட்டது. அந்தத் தட்டில் ஒரு மாகாணத்து அணிகள் தங்களுக்குள்தான் ஆடும். ஆகவே எதிரணிகள் எல்லாம் அக்கம்பக்கத்துச் சின்ன ஊர்களின் அணிகள். 2000-இல்தான் முப்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய புது ஸ்டேடியம், கார்லோஸ் தார்த்தியேரே, திறக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் நான்காம் டிவிஷன் ஆட்டம்.

இங்கேதான் ஊர் என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். ஒவியேதோ செத்துவிட்டது என்று நகராட்சி முடிவுகட்டியது. அதே ஊரில் இருந்த அஸ்டூர் என்ற சிறிய கிளப், நகராட்சியின் ஆதரவோடு, ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. கடனில்லாத, வம்புவழக்கு இல்லாத கிளப். இனி இதற்குக் கைதட்டுங்கள் என்றார்கள். கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் அது நியாயமான யோசனைதான். ஜனங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. தெருவில் இறங்கினார்கள், நிதி திரட்டினார்கள், நான்காம் டிவிஷன் அணிக்குப் பத்தாயிரம் அளவில் சீசன் டிக்கெட் வாங்கினார்கள். அந்த டிவிஷனில் சில நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம். புதுப் பெயர் வைத்துக்கொண்ட கிளப் சில வருடங்களில் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது.

அப்போது அணியில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். அவர்களில் ஒருவர் மிச்சு. பிற்பாடு இங்கிலாந்தில் ஸ்வான்சீ அணிக்கு ஒரே பிரிமியர் லீக் சீசனில் 18 கோல் போட்டாரே, அதே மிச்சுதான். இன்னொரு பையன், சான்டி கசோர்லா, கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்தவர். சீனியர் அணிக்கு ஆடவேண்டிய வயதில் கிளப் இடிந்துபோனதால் வில்லாரியலுக்குப் போகவேண்டியதாயிற்று. ஹுவான் மாட்டா அதே இளைஞர் அணியிலிருந்து பதினைந்து வயதில் ரியல் மாட்ரிடுக்குப் போனவர். இந்தப் பெயர்கள் பிறகு வருகின்றன, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீசன் டிக்கெட் என்பதன் அருமையை இங்கே சொல்லிவிடுகிறேன். கோடையில் இரண்டு மூன்று மாதம் மேட்ச் கிடையாது, கேட் வசூல் கிடையாது, ஆனால் சம்பளம் கொடுத்தாகவேண்டும். ஸ்பெயினில் ஜூலை முடிவதற்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் கட்டாயமாகக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். 2003-இல் ஒவியேதோவுக்கு நடந்தது அதுதான். அதனால் ஜூலையில் கைக்கு வருகிற ஒரு யூரோ, டிசம்பரில் வருகிற மூன்று யூரோவுக்குச் சமம். கஷ்ட காலத்தில் கிளப்புக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் செய்வது முன்கூட்டியே சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பது. யாரும் அதைச் செய்தியாகப் போடுவதில்லை. கிளப்பின் கணக்காளருக்குத்தான் தெரியும்.

இனி 2012. ஒவியேதோ மெல்ல ஏறி மூன்றாம் தட்டில் இருந்தது. நாடே சரிந்துகிடந்தது. அந்த வருடக் கடைசியில் ஸ்பெயினில் வேலையில்லாதவர்கள் 26 சதவீதம், இளைஞர்களில் பாதிக்கும் மேல். அஸ்டூரியாஸுக்கு இன்னொரு கசப்பும் சேர்ந்தது. நிலக்கரிக்கான அரசு மானியத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வெட்டியதை எதிர்த்து அந்தக் கோடையில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவிளக்கு மாட்டிய தொப்பியோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து மாட்ரிடுக்குள் நுழைந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், அதே வருடம் நவம்பரில், கிளப்பிடமிருந்து அறிவிப்பு வருகிறது: நவம்பர் 17-ஆம் தேதிக்குள் 19 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் மூடவேண்டியதுதான். வரி பாக்கி, ஊழியர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பள பாக்கி.

கிளப் கேட்டது நன்கொடை இல்லை. பங்கு விற்றது. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்பெயினின் 1990 விளையாட்டுச் சட்டம், கடனில் மூழ்கிய கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாற்றச் சொன்னது. நிதிநிலை சரியாக இருந்த ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஓசசூனா நான்கும் மட்டும் பழையபடி உறுப்பினர்களின் சங்கமாகத் தொடர்ந்தன. மற்ற பெரிய கிளப்புகளெல்லாம் நிறுவனமாயின, உரிமை கை மாறத் தொடங்கியது. எந்தச் சட்டம் ஒவியேதோவை அடுத்தடுத்த உரிமையாளர்கள் கையில் விட்டதோ, அதே சட்டம் 2012-இல் சாதாரண ரசிகனையும் பங்குதாரன் ஆக்கியது.

ஒரு பங்கின் விலை 10.75 யூரோ. வகுத்துப் பாருங்கள்: 19 லட்சத்துக்கு ஏறத்தாழ 1,77,000 பங்குகள் விற்கவேண்டும். ஊரில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கொன்று வாங்கினாலே ஒருவழியாகத் தேறும். ஆனால் ஊரில் பாதிப்பேர் கிளப்பின் ரசிகர்கள் கிடையாது, ரசிகர்களில் பலருக்கு வேலை கிடையாது. ஊருக்குள்ளேயே சுற்றியிருந்தால் இந்த வசூல் தோற்றிருக்கும்.

வெளியே போனது எப்படி? ஸ்பானியக் கால்பந்து பற்றி எழுதும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் சிட் லோ, மாணவராக இருந்தபோது ஒவியேதோவில் படித்தவர். அவர் டுவிட்டரில் எழுதத் தொடங்கினார். ஆர்சனலில் ஆடிக்கொண்டிருந்த கசோர்லா, செல்சீயிலிருந்த மாட்டா, ஸ்வான்சீயிலிருந்த மிச்சு, அட்லெடிகோ மாட்ரிடிலிருந்த அட்ரியான் லோபஸ் எல்லோரும் பங்கு வாங்கி, மற்றவர்களையும் வாங்கச் சொன்னார்கள். ரியல் மாட்ரிட் கிளப்பே ஒரு லட்சம் யூரோவுக்குப் பங்கு எடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். ஒவியேதோ எங்கே இருக்கிறதென்றே தெரியாத பலர் அதில் உண்டு. தங்கள் ஊர்க் கிளப்பும் இப்படிச் சாகக் கிடந்தது அவர்களில் எத்தனையோ பேருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கடைசி நாள் மெக்சிகோவின் கார்லோஸ் ஸ்லிம், அப்போது உலகின் முதல் பணக்காரர், தன் நிறுவனம் வழியாக 20 லட்சம் யூரோ போட்டார். மிகப் பெரிய பங்குதாரர் ஆனார்.

இதைச் சொன்னதும், “சரி, கடைசியில் கோடீஸ்வரர்தானே காப்பாற்றினார், பத்து யூரோ கொடுத்தவன் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மூன்றாம் டிவிஷனில் கடனோடு கிடக்கும் ஒரு ஸ்பானியக் கிளப்பை மெக்சிகோவிலிருக்கும் ஒருவர் எதற்காகத் திரும்பிப் பார்க்கப்போகிறார்? இரண்டே வாரத்தில் உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்ட கூட்டம் பின்னால் இருந்தது. முதலீடு செய்பவருக்கு அந்தக் கூட்டம்தான் சொத்து. 2003-இலேயே எல்லோரும் புதுக் கிளப்புக்குப் போயிருந்தால் 2012-இல் விற்பதற்குப் பங்கே இருந்திருக்காது. பணம் வந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர், அடுத்து வெளியூர், கடைசியில் கோடீஸ்வரர். இந்த வரிசை தலைகீழாக நடந்து நான் பார்த்ததில்லை.

2015-இல் ஒவியேதோ இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. 2022-இல் மெக்சிகோவின் பச்சூக்கா குழுமம் கிளப்பின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது. 2023-இல், 38 வயதில், கசோர்லா திரும்பி வந்தார். காசில்லாமல் ஆடத் தயார் என்றார். லீக் விதி விடாது என்பதால் கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் போட்ட ஜெர்சி விற்றால் அதில் பத்து சதவீதம் கிளப்பின் இளைஞர் அணிக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

2025 ஜூன் 21. முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான இறுதிச் சுற்று, எதிரணி மிராந்தேஸ். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் ஒவியேதோ 0-1 என்று தோற்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் நிரம்பி வழிந்த தார்த்தியேரேயில். தொடக்கத்திலேயே மிராந்தேஸ் இன்னொரு கோல் போட்டுவிட்டது. மொத்தத்தில் இரண்டு கோல் பின்னால். பாதி நேரத்துக்கு முன் ஒரு பெனால்டி கிடைத்தது. நாற்பது வயதுக் கசோர்லா பந்தை எடுத்து வைத்து அடித்தார், கோல். இடைவேளைக்குப் பின் இல்யாஸ் சைரா அடித்தது இன்னொன்று. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, அதில் போர்ட்டியோ அடித்த கோலோடு 3-1. இருபத்துநான்கு வருடம் கழித்து முதல் டிவிஷன். 2001-இல் பத்து வயதில் அழுத பிள்ளைக்கு அன்று முப்பத்துநான்கு வயது. அன்று அந்த ஊர் கொண்டாடியதில் மிகை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொடுத்தவர்களுக்கு என்ன மிஞ்சியது என்றீர்கள். பண லாபம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெரிய பங்குதாரர் முன்னால் சிறு பங்குதாரரின் ஓட்டு எடுபடாது. ஆனாலும் பங்குதாரர் என்ற முறையில் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்கு அதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரிமியர் லீக்கில் இருந்தபோதே கடனில் நொடித்து, அப்படி நொடித்த நிறுவனங்களைக் கையாளும் நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் அது, 2010-இல். இரண்டு வருடத்தில் மறுபடியும் அதே கதி. 2013-இல் ரசிகர் அறக்கட்டளை கிளப்பை வாங்கியது. ஆளுக்கு ஆயிரம் பவுண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தனியாக ஆயிரம் புரட்ட முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள். நான்கு வருடம் நடத்தி, கிளப்பை நிலைக்குக் கொண்டுவந்து, 2017-இல் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தபோது விற்கலாமா வேண்டாமா என்று ரசிகர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள்.

காசே இல்லாதவர்கள் என்ன செய்வது? பெர்லினின் யூனியன் கிளப் அதற்கு வழி காட்டியது. 2004-இல் மூன்றாம் டிவிஷனில் ஆட அனுமதி கிடைக்க ஏறத்தாழ 15 லட்சம் யூரோ காட்டவேண்டியிருந்தது. ஜெர்மனியில் ரத்த தானம் செய்தால் ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். ரசிகர்கள் ரத்தம் கொடுத்து அந்தத் தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். 2008-இல் ஸ்டேடியம் பழுதாகி, புதுப்பிக்கக் கிளப்பிடம் வழியில்லாமல் போனபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே இறங்கிக் கட்டினார்கள். கம்பி வெல்டிங், காங்கிரீட், சாந்து சுமப்பது, வேலை செய்கிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது எல்லாம். ஏறத்தாழ 1,40,000 மணி நேர உழைப்பு. வேலையில்லாமல் இருந்தவர்கள் முழுநாளும் வந்தார்கள், வேலையில் இருந்தவர்கள் லீவு போட்டு வந்தார்கள். உழைத்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஸ்டேடியம் அருகே ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள், உச்சியில் சிவப்பு ஹெல்மெட்டோடு. 2019-இல் அந்தக் கிளப் ஜெர்மனியின் முதல் டிவிஷனான புன்டஸ்லீகாவுக்கு ஏறியது.

எல்லாம் சுபமாக முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். மான்செஸ்டருக்குப் பக்கத்திலிருக்கும் பரி கிளப்பைப் பாருங்கள். 1885-இல் தொடங்கியது, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கை மாறியது. சம்பளம் நின்றது, கடனை அடைக்க வழி இருக்கிறதென்று லீக்குக்கு நிரூபிக்க முடியவில்லை. 2019 ஆகஸ்ட் 27 கடைசிக் கெடு. அன்றைக்கு, மைதானத்தைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று கிளப் கேட்டதும் ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து நின்றார்கள். வாரக் கடைசியில் மேட்ச் நடக்கும் என்ற நம்பிக்கையில் நாற்காலி நாற்காலியாகத் துடைத்தார்கள். அன்று இரவே லீக் பரியை நீக்கியது. 125 வருட லீக் வரலாறு முடிந்தது. அங்கே ரசிகர்களின் விசுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை. கிளப்பின் சாவி அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். அந்த வேதனையிலிருந்து எழுந்த கோபம்தான், இங்கிலாந்தில் 2025-இல் கால்பந்துக்குச் சுயேச்சையான ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கும் சட்டம் வரை கொண்டுபோனது. பரி ரசிகர்கள் 2022-இல் மைதானத்தையே வாங்கினார்கள். இப்போது கிளப் மிகக் கீழ் டிவிஷன்களில் ஆடுகிறது, மூவாயிரம் பேர் அளவுக்கு வருகிறார்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். கஷ்ட காலத்தில் உதவி கிளப்பை நோக்கி மட்டும் போகவேண்டும் என்பதில்லை. 2015-இல் லிவர்பூல் நகரத்தில் எவர்ட்டன் ரசிகர்களும் லிவர்பூல் ரசிகர்களும் ஒன்றாகச் சேர்ந்து, மேட்ச் நாட்களில் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று இல்லாதவர்களுக்காக டின் உணவு, பாஸ்தா, பேப்பர் டயப்பர் சேகரிக்கத் தொடங்கினார்கள். பசிக்குக் கிளப் நிறம் கிடையாது என்பதுதான் அவர்களின் கோஷம். சிவப்பையும் நீலத்தையும் கலந்த ஊதா நிற வேன் வைத்திருக்கிறார்கள். நியூகாசிலிலும் ரசிகர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். ஆட்டம் பார்க்கப் போகிற வழியில் ஒரு டின் பீன்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது இப்போது அங்கே வழக்கம்.

அதே லிவர்பூல் ரசிகர்கள்தான் 2016 பிப்ரவரியில், மிக விலையுயர்ந்த டிக்கெட்டை 77 பவுண்டுக்கு ஏற்றுவதாகக் கிளப் அறிவித்தபோது, சண்டர்லாண்டுக்கு எதிரான மேட்சின் 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை, ஆட்டம் முடிந்தபோது 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். இதையும் நான் ஆதரவு என்றுதான் சொல்வேன். பணக்காரக் கிளப் கூடுதலாகக் கேட்கும்போது மறுப்பதும், நொடித்த கிளப் கேட்கும்போது கொடுப்பதும் ஒரே அக்கறையிலிருந்து வருகின்றன.

ஆகவே, உங்கள் கிளப் நாளைக்குக் கையேந்தினால் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது, உரிமையாளரின் நிறுவனத்துக்கா, ரசிகர் அறக்கட்டளைக்கா? பதிலுக்குப் பங்கும் ஓட்டும் உண்டா? மைதானம் யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் அடமானம் உண்டா? குறித்த தேதிக்குள் தொகை சேராவிட்டால் திருப்பித் தருவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால், உங்கள் வீட்டுச் செலவு இடிக்காத அளவுக்குக் கொடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் காசைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மற்ற ரசிகர்களைக் கூட்டி அறக்கட்டளை பதிவு செய்யும் வேலையைத் தொடங்குங்கள். உரிமையாளர் மாறுகிற நாளில் வாங்கும் தகுதியோடு ஒருவர் அங்கே இருக்கவேண்டும். மேட்சுக்குப் போவதை மட்டும் இரண்டு நிலையிலும் நிறுத்தவேண்டாம்.